ஒரிஜினல் வண்டியும் உருட்டிப் போன வண்டியும்

போன சாரல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு பங்களா. வாசலில் ஏழெட்டுப் பழைய சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ். கறுப்பு பெயிண்டில் முகம் பார்க்கலாம். மட்கார்டு ஓரத்தில் தங்கக் கோடு. தேய்த்துத் தேய்த்து மினுக்கின மணி. பக்கத்திலேயே உடையவர்கள், வேட்டியும் ஜிப்பாவுமாக. சாரலில் நனைந்தபடி அருவி வரைக்கும் மிதித்துப் போய், படம் பிடித்து, திரும்பி வந்து இட்லி சாப்பிடுவது திட்டம். "அந்தக் காலத்த மீட்டெடுக்கிறோம் தம்பி" என்றார் ஒருவர், நான் கேட்காமலே.

நானும் சைக்கிளில்தான் போயிருந்தேன். என் தாத்தாவின் ஹெர்குலிஸ். அவர் குனிந்து பார்த்தார். சீட்டுக்குக் கீழே விரலால் துடைத்து நம்பரைத் தேடினார். பிறகு கேள்விகள் வந்தன.

"இங்கிலாந்து வண்டியா, அம்பத்தூரா?"

"அம்பத்தூர்."

"எல்லாம் ஒரிஜினல் பார்ட்டா, கலப்பு உண்டா?"

"கலப்புதான். போர்க் அட்லஸ், பின் ரிம் ஹீரோ, பெடல் எதுவோ."

"ம்... என்ன விலைன்னா தருவீங்க?"

"விக்கிறதுக்கு இல்ல."

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு இந்தப் பத்திரிகையைப் படிக்கிற யாருக்கும் பொழிப்புரை தேவையில்லை. பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில், கல்லூரி விடுதியில், நேர்முகத் தேர்வு முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. எனக்குப் புதிதாக உறைத்தது வேறு. அவருடைய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒரே கேள்விதான். பிறப்பு எங்கே? கலப்பு உண்டா? மனிதனிடம் கேட்டுப் பழகின நாக்கு சைக்கிளிடமும் அதையே கேட்கிறது. சைக்கிளுக்கும் கோத்திரம் பார்க்கிறவர்கள் இவர்கள்.

அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், காபி சாப்பிடச் சொன்னார். என் சண்டை அவர் மீட்டெடுக்கிற அந்தக் காலத்தோடு. அது யாருடைய காலம்? அந்தக் காலத்தில் சைக்கிளில் யார் ஏறினான், யார் இறங்கினான்?

*

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே. பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அந்த ஒரு ஊரின் சங்கதி என்று ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

தாத்தா பிரானூரில் மர அறுவை மில்லில் தடி தூக்கினவர். விடியுமுன் கிளம்பி நடந்து போய், இருட்டின பிறகு நடந்து வருவார். 1960களின் நடுவில், ஆச்சியின் பாம்படத்தை அடகு வைத்து, இந்த வண்டியைப் பழைய வண்டியாக வாங்கினார். சேரியில் அதுதான் இரண்டாவது சைக்கிள். பிரசவ வலி வந்தவளைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனது இந்த வண்டி. நெல் மூட்டை சுமந்தது, பிணத்துக்குக் கோடித்துணி வாங்கி வந்தது, எங்கள் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்த்தது எல்லாம் இதுதான்.

சேரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே வழி ஊர்த்தெரு. பிள்ளையார் கோயில் முனையில் தொடங்கி தபால்பெட்டி வரை. அந்தத் தூரம் இறங்கி உருட்ட வேண்டும். செருப்பு இருந்தால் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு, தெருவில் ஒரு நாய்கூடக் கண் விழிக்காத நேரத்திலும் உருட்டத்தான் வேண்டும். ஏன் தாத்தா என்று சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டேன். "திண்ணையில உக்காந்திருக்கவன் மூஞ்சிக்கு நேரா நம்ம காலு வருதுல்லா, அது அவனுக்கு ஆகாதுல" என்றார். எம்.ஏ. தமிழ் படித்து, சாதி பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்திருக்கிறேன். சாதி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை இன்னும் படிக்கவில்லை.

ஒரு ஐப்பசி மழை நாளில் காய்ச்சலோடு வந்தவர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்று அவர் சொல்வார், இறங்க மனசில்லை என்று ஆச்சி சொல்வாள். மறுநாள் காலையில் வண்டியை இழுத்துப் போட்டு முன் போர்க்கைக் கடப்பாரையால் வளைத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் பதினோரு ரூபாய் அபராதம், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தது தனி. இரண்டு மாதம் நடந்தே மில்லுக்குப் போனார். பிறகு தென்காசியில் ஒரு பழைய அட்லஸ் வண்டியின் போர்க்கை வாங்கி மாட்டினார். பங்களா வாசலில் அந்த மனிதர் "கலப்பு" என்று உதட்டைப் பிதுக்கினாரே, அந்தப் போர்க் வண்டிக்கு வந்த கதை இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாளில் சைக்கிளுக்கு வரி உண்டு. வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள், வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவின் வில்லை இன்னும் வண்டியில் இருக்கிறது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் அந்த வில்லைக்கே தனி விலை தருகிறார்கள். அவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. ஊர்த்தெருக்காரன் கட்டின அதே வரியைத்தான் தாத்தாவும் கட்டினார். வரியை வாங்குகிறவன் எந்தப் பக்கம் என்று கேட்டு எங்களுக்குப் பாதித் தொகை வாங்கவில்லை. தெருவில் மட்டும் பாதி உரிமை: கொண்டு போகலாம், ஏறக்கூடாது.

*

இதெல்லாம் ஏதோ ஒரு ஊரில் எப்போதோ நடந்த குசும்பு என்று சொல்ல வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம்.

1930லும் 1931லும் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்குத் தடைப் பட்டியல்கள் போட்டார்கள். சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, தங்கம் வெள்ளி அணியக்கூடாது என்று நீண்ட பட்டியல். 1931ஆம் ஆண்டுப் பட்டியலில் கல்யாணத்தில் குதிரை ஏறக்கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் வாகனம் கூடாது என்றும் சேர்த்தார்கள். 1931 குடிமதிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். எந்தக் காரியத்துக்கும் வாகனம் கூடாது என்பதில் சைக்கிளும் அடக்கம்.

1929இல் பாபாசாகேப் அம்பேத்கர் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கிற அரசுக் குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்காவ் போனார். பாரிஸ்டர், டாக்டர் பட்டக்காரர். குதிரைவண்டிக்காரர்கள் ஒருவனும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தார். வண்டியோட்டி குடிமகன், சட்டம் படித்தவர் தீண்டத்தகாதவர்.

இன்னும் பக்கத்தில் வருவோம். குற்றாலத்தில் நின்று கல்லெறிந்தால் விழுகிற தூரம் என்று நாம் கேலியாகச் சொல்லும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில்தான் 1893இல் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, புலையர்கள் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் வண்டியோட்டிப் போனார். அடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். அந்த வில்வண்டிக்குச் சமமான பழம்பொருள் இந்தியாவில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பங்களா வாசலில் நின்றவர்கள் தலைப்பாகை கட்டிக்கொள்வதற்கு முன்னால் அந்தத் தலைப்பாகையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனாட்சிபுரமும் இதே பக்கம்தான், பண்பொழிக்கு அருகில். 1981 பிப்ரவரி 19 அன்று தலித் குடும்பங்கள் அங்கே கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். அரபு நாட்டுப் பணம் என்று தில்லி வரைக்கும் கூப்பாடு போட்டவர்கள், தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுப்பான் என்று ஊருக்குள் வந்து கேட்டிருந்தால் காரணம் அங்கேயே கிடைத்திருக்கும்.

வெள்ளைக்காரன் நாட்டில் சைக்கிள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1894இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கமான லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென், கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டது. ஐந்தே வருசத்தில், 1899இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பர் உலக சைக்கிள் பந்தய வீரராக ஜெயித்துக் காட்டினார். அந்தச் சங்கம் தன் பழைய விதியை முறைப்படி கைவிட இன்னும் நூறு வருசம் ஆயிற்று.

*

இனி, ஒரிஜினல் என்ற சொல்லுக்கு வருவோம்.

எனக்கும் இரும்புச் சைக்கிள் பிடிக்கும். அதை மறைக்கவில்லை. இரண்டு வருசமாக தாத்தாவின் வண்டியை நானே பிரித்து மாட்டியிருக்கிறேன். தென்காசியில் கடை வைத்திருக்கிற ஒரு பாய்தான் குரு. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ப்பது, மண்ணெண்ணெயில் ஊறவைத்து காட்டர் பின்னை அடித்துக் கழற்றுவது, பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினோரு பால்ஸ் கிரீசில் ஒட்டி அடுக்குவது, முன் சக்கரத்துக்கு 32 கம்பி பின் சக்கரத்துக்கு 40 கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. கோட்டம் எடுப்பதற்கு மட்டும் எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. "கம்பிய முறுக்காத தம்பி, கேளு. தட்டிப் பாத்தா எது லூசுன்னு அதுவே சொல்லும்" என்பார். ஒவ்வொரு கம்பியும் ஒரே சத்தம் போடும் வரை தட்டிக்கொண்டிருப்போம். அவருடைய வாப்பா காலத்தில் அது வாடகை சைக்கிள் கடை. எங்கள் ஊர்ப்பக்கக் கடைகளில் சேரிப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கு வண்டி கிடையாது. எங்கள் அப்பா குரங்குப் பெடல் போட்டுப் பழகினது தென்காசி வரை நடந்து வந்து, இந்தக் கடையில் எடுத்த வாடகை வண்டியில்தான்.

இந்த வண்டிகள் அறுபது எழுபது வருசம் ஏன் நிற்கின்றன? எஃகுக் குழாய்களை மூட்டுக்குள் சொருகி பித்தளை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். உடைந்தால் கேஸ் வெல்டிங் தெரிந்த எவனும் திரும்ப ஒட்டலாம். பிரேக்குக்குக் கேபிள் இல்லை, வெறும் கம்பி. ரிம் ஒரு கம்பெனி, ஹப் ஒரு கம்பெனி, மட்கார்டு ஒரு கம்பெனி என்று மாட்டினாலும் ஓடும். எதோடும் சேரும் என்பதுதான் இந்த யந்திரத்தின் குணம். கலப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். 1951இல் சோனிபட்டில் அட்லஸ், அதே காலத்தில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், ஆசன்சோலில் ராலே, 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று வண்டிகள் வந்து ஏழையின் கைக்குச் சைக்கிள் எட்டியது இந்தச் சேர்மானத்தால்தான். எந்தச் சேர்மானத்தால் வண்டி உயிரோடு இருக்கிறதோ அதையே குறை என்று எண்ணி, அசல் வம்சத்து உதிரிப்பாகம் தேடி நாடு நாடாக அலைகிறவனின் ரசனைக்கு என்ன பெயர் வைப்பது? ரசிகமணி வாழ்ந்த ஊர் குற்றாலம். ரசனைக்குப் பேர்போன ஊர். அந்த ரசனைக்குள் சாதி எப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரிஜினல் பைத்தியத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தோல் சீட்டைப் பாருங்கள். புரூக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் சீட்டு என்றால் உயிரை விடுகிறார்கள். தடவிப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், வாரம் ஒருமுறை எண்ணெய் பூசுகிறார்கள். அது மாட்டுத்தோல். மாட்டுத்தோலை உரித்தவன், சுண்ணாம்பில் ஊறவைத்தவன், ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தினவன் யார்? பழைய சென்னை மாகாணத்திலிருந்து பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. அந்தத் தோலில் நம் சனங்களின் கைநாற்றம் உண்டு. அந்த வேலையைச் செய்தவனைத் தொட்டால் தீட்டு, அவன் தொட்ட தோல் சீமைக்குப் போய்ச் சீட்டாக வந்தால் பாரம்பரியம். உட்காருகிற உறுப்புக்கு இல்லாத தீட்டு கைகுலுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

வண்டியை யார் ஓட்டுகிறான் என்பதை வைத்து அதற்குப் பெயர் மாறுகிறது. இன்றைக்கும் தென்காசி சந்தைக்கு இதே இரும்பு வண்டியில் காய்கறி கட்டி வருகிறார்கள். வாட்ச்மேன் ராத்திரி வேலைக்கு இதில்தான் போகிறார். அவர்கள் ஓட்டினால் ஓட்டைச் சைக்கிள். பங்களாக்காரர் ஓட்டினால் விண்டேஜ். அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது 2020 ஜூன் 3 அன்று. அது உலக சைக்கிள் தினம். ஆலை வாசலில் வேலையிழந்து நின்ற தொழிலாளிகளை எந்தப் பழஞ்சைக்கிள் ரசிகர் சங்கம் நினைத்துப் பார்த்தது?

*

நம் பக்கத்துத் தோழர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: "சைக்கிளை விடுங்க தோழர். நம்ம பசங்க புல்லட்ல போற காலம். இப்பப் போய் உருட்டின கதையப் பேசிக்கிட்டு."

நியாயமான கேள்விதான். ஆனால் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட்டில் போன தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். இந்தச் சாதியில் பிறந்துகொண்டு எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். வண்டி மாறியிருக்கிறது, திண்ணை மாறவில்லை.

சட்டத்தையும் பாருங்கள். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெருவில், பொதுப்பாதையில் எவரும் நடக்கத் தடையில்லை என்று. 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது உறுப்பு சாலை, குளம், படித்துறை எதிலும் சாதியால் விலக்கக்கூடாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்கும் பிறகு, 2015இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 3(1)(இசட்.ஏ) என்ற புதுப்பிரிவைச் சேர்த்தார்கள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பட்டியல் சாதியார் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பும் புதுத்துணியும் அணிவதைத் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை தண்டனை. சைக்கிள் என்ற சொல்லையே போட்டு எழுதியிருக்கிறார்கள். நிலாவுக்கு ராக்கெட் விட்ட நாடு, இருபத்தோராம் நூற்றாண்டில் வந்து, சைக்கிள் ஓட்ட விடு என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது. நடப்பதற்கு ஒரு சட்டம், ஏறுவதற்கு ஒரு சட்டம் என்று நூறு வருசமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்? தெரியாவிட்டால் புகாரில் எழுதச் சொல்லி ஸ்டேஷனில் யார் வற்புறுத்துவது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்றது எல்லாருக்கும் தெரியும். சாதி அடையாளம் எழுதிப் பெயிண்ட் அடித்த சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. நம் மாவட்டங்களில் பையன்கள் சைக்கிளுக்கு அடிக்கிற பெயிண்ட் இது. அந்தக் காலத்துத் தங்கக் கோட்டை அச்சுப் பிசகாமல் வரைந்து மகிழ்கிற கலைஞர்கள் இந்தக் காலத்துச் சாதிக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அவர்களுடைய பெயிண்ட் டப்பாவுக்கு மரியாதை.

*

கடைசியாக எங்கள் அக்காவின் சைக்கிள்.

2001-02இல் அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் படிக்கிற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. எல்லா மாணவர்களுக்கும் என்று விரிந்தது பிறகுதான். அதற்குப் பத்து வருசம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கிற பெண்கள் பார் வைத்த ஆண் சைக்கிளையே கேட்டு வாங்கினார்கள், முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. அந்த அலை எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் ஊருக்கு வந்தது அரசாங்கத்துச் சைக்கிள்தான். அக்காவோடு சேர்த்து எங்கள் தெருவில் ஆறு பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

முதல் நாள் பள்ளியிலிருந்து ஆறு பேரும் சேர்ந்தே வந்தார்கள், சீருடையோடு, இரட்டைச் சடையோடு. தபால்பெட்டி வந்தது. இறங்கவில்லை. பிள்ளையார் கோயில் முனை வரைக்கும் மணி அடித்துக்கொண்டே வந்தார்கள். அன்று ராத்திரியே ஆள் வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனது. அப்பா நடுங்கிப் போனார். "ஏட்டி, இறங்கித்தான் உருட்டிட்டு வாங்களேன், என்ன கொறஞ்சு போவுது" என்றார். அக்கா சொன்னாள்: "இது கவர்மெண்ட் சைக்கிளுப்பா. எறங்கச் சொன்னா கலெக்டர்ட்ட எழுதிக் குடுத்திருவோம்." காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தெருவில் கருவேல முள் போட்டார்கள். ஆறு பேரும் காசு சேர்த்துப் பம்பும் சொல்யூஷனும் வாங்கித் தாங்களே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருசம் அப்படி. அதன் பிறகு அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் இறங்கவில்லை. அய்யன்காளியின் வில்வண்டியைப் பற்றி அந்த ஆறு பேரில் யாரும் அப்போது கேள்விப்பட்டதில்லை.

எங்கள் அப்பாவுக்கு இப்போது அறுபதுக்கு மேல். மொபெட் வைத்திருக்கிறார். தபால்பெட்டி வந்ததும் இன்றைக்கும் எஞ்சினை நிறுத்தி இறங்கி உருட்டுகிறார். யாரும் இப்போது அவரைத் தடுப்பதில்லை. தடுத்தவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள். "காலு தானா எறங்கிருதுல, நான் என்ன செய்ய" என்கிறார். பங்களாக்காரர்களே, நீங்கள் சொல்கிற அந்தக் காலம் இதுதான். அது எங்கள் அப்பாவின் காலுக்குள் இருக்கிறது. அதை மீட்டெடுக்க உங்களிடம் ஏதாவது பார்ட் உண்டா?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பழைய சைக்கிள் பிரியர்களுக்கு: உங்கள் ஊர்வலத்தை அருவிக்கரையில் முடிக்காதீர்கள். எந்தெந்தத் தெருக்களில் இந்த வண்டிகளை உருட்டினார்களோ அந்தத் தெருக்களுக்கு வாருங்கள். எங்களோடு சேர்ந்து ஏறி ஓட்டுங்கள். வண்டியின் வம்சம் எழுதுகிற நோட்டில் அதை ஒட்டினவன், வெல்டிங் வைத்தவன், தோல் பதனிட்டவன் பெயரையும் எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். தோழர்களுக்கு: தாத்தாக்களின் வண்டியை எடைக்குப் போடாதீர்கள். விற்றுச் சாப்பிட வேண்டிய வீட்டை நான் குறை சொல்லவில்லை. விற்கிறபோதும் அதன் கதையை எழுதி வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். 3(1)(இசட்.ஏ) பிரிவை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

தாத்தாவின் வண்டி முடிந்தது. போர்க் அட்லஸ்தான், மாற்றப்போவதில்லை. இப்போது கொல்லைப்புறத்தில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த அக்காவின் அரசாங்கச் சைக்கிளை எடுத்துப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எந்தச் சேகரிப்பாளரும் அதற்கு ஐம்பது ரூபாய்கூடத் தர மாட்டார். ரிம் முழுக்கத் துரு, கூடை போய்விட்டது, செயின் கவர் தகரம் பொத்தல். பாய் பார்த்துவிட்டு, "இத எதுக்குத் தம்பி?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பின் சக்கரத்துக்குப் புதுக் கம்பி நாற்பதையும் எண்ணி எடுத்து வைத்தார். காசு வாங்கவில்லை.

அக்கா இப்போது வேறு ஊரில். போனில் சொன்னபோது சிரித்தாள். "மணி அடிக்குதாடா, அதச் சொல்லு முதல்ல" என்றாள்.

மணியை நேற்றுத்தான் மாட்டினேன். அடிக்கிறது.